லஸ்கர் அண்ணாச்சி அரைத்த பச்சை

எங்கள் தெருவில் யார் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி நன்றாக இருக்கும் என்று கேட்டால் என் வீட்டைத்தான் கையைக் காட்டுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கல்யாண வீட்டில் சமைக்கிற தவசிப்பிள்ளை அண்டாவை இறக்குவதற்கு முன்னால், "எக்கா, ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று என்னைத்தான் கூப்பிடுவார். நன்றாக இருந்தால் தலையை ஆட்டுவேன். இல்லையென்றால் இல்லை என்பேன். சமையல் விஷயத்தில் முகத்துக்காக ஒரு வார்த்தை சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

அப்படி இருந்த தெருவில் எனக்குப் போட்டியாக ஒருவர் வந்தார். வந்தவர் ஆண்பிள்ளை. அதுவும் அடுத்த வீடு.

சேரன்மகாதேவியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது. தாமிரபரணியிலிருந்து பிரிந்து வயலுக்குப் போகிற தண்ணீர். அந்தக் கால்வாயில் மதகைத் திறந்து மூடுகிற வேலை அவருக்கு. அரசாங்கத்தில் அந்த வேலைக்கு லஸ்கர் என்று பேர். அவருக்குச் சொந்தப் பேர் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவே லஸ்கர் என்றது, நான் லஸ்கர் அண்ணாச்சி என்றேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். தொண்ணூறுகளில் நடந்த விஷயம். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் டி.வி. வந்திருந்தது.

ஒல்லியான மனிதர். முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டின வேட்டி, காலில் எப்போதும் காய்ந்த சேறு. மற்ற லஸ்கர்கள் மதகைத் திறந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் அப்படியில்லை. திறந்துவிட்ட தண்ணீரோடு கூடவே கரையில் நடப்பார். வாய்க்கால் முடிகிற கடைசி வயல் வரைக்கும் போய், வரப்பில் நின்று, ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

"என்னவே, தண்ணிக்கு வழி தெரியாதா? நீரு கூடப் போயி கைப்புடிச்சு விடணுமா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

"தொறந்து விட்டா பாதி வேலைதான் வே. கடைசி ஆளுக்குச் சேந்துதான்னு பாக்கணும்லா" என்பார் அவர்.

வேலையில் அப்படி. வீட்டில் என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பார். தட்டில் விழுந்ததைத் தின்றுவிட்டு, கையைக் கழுவி, கரைக்குப் போய்விடுவார். மதினி தின்றாளா இல்லையா என்று அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. மதினி என்று நான் சொல்வது அவர் பெஞ்சாதியை. ஒரே மகளைத் தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள்.

ஒரு வருஷம் சித்திரை வெயிலில் மதினிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பாளையங்கோட்டையில் இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தாள். காய்ச்சல் போய்விட்டது, சோறு இறங்கவில்லை. "வாய் செத்துக் கெடக்கு ளா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். நான் ரசம் கொண்டு போனேன், துவையல் கொண்டு போனேன். நான் கொண்டுபோனதை வேண்டாம் என்றது உலகத்தில் அவள் ஒருத்திதான். நாளுக்கு நாள் கன்னம் உள்ளே போனது. மாத்திரை எல்லாம் வெறும் வயிற்றில் போடக்கூடாதாம். எப்படியாவது உள்ளே தள்ளுங்கள் என்று டாக்டர் அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையில் பின்பக்கம் துணி காயப்போடப் போன நான் கட்டைச்சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தேன். லஸ்கர் அண்ணாச்சி அம்மிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முறத்தில் மல்லித்தழை, புதினா, கறிவேப்பிலை. கையில் குழவி. கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளுகிற மாதிரி தள்ளிக்கொண்டிருந்தார். இலை எல்லாம் அம்மிக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்து சிரித்தேன்.

பத்து மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்த்த வீட்டுக்காரி குடத்தோடு நின்றுகொண்டு, "லஸ்கர் இன்னைக்கு அம்மிக்குத் தண்ணி தொறந்துட்டாராம்லா" என்றாள்.

ஆனால் அவர் அம்மியில் தண்ணீரே விடமாட்டார். அதுதான் வேடிக்கை. ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்ட மனிதர், அரைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டார். இலையில் உள்ள தண்ணீரிலேயே இலை அரையவேண்டும் என்பார். அதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார், வயலுக்கு முறைத்தண்ணீர் விடுகிற மாதிரி. முதலில் கல்லுப்பும் பச்சை மிளகாயும். அது நசுங்கினதும் ஒரு துண்டு இஞ்சி, மூன்று பல் பூண்டு. பிறகு சின்ன உள்ளி, சின்ன வெங்காயத்தைத்தான் சொல்கிறேன். அதில் ஊறுகிற சாற்றில்தான் மற்றது எல்லாம் மசிய வேண்டும். அப்புறம் கறிவேப்பிலைக் கொழுந்து, புதினா. கால்வாய்க் கரையில் பறித்த வல்லாரை நாலு இலை, கூடினால் கசந்துவிடும். மல்லித்தழை கடைசி, காம்போடு. அதற்கு இரண்டு இழுப்புதான், மூன்றாவது இழுத்தால் கறுத்துப்போகும். வழித்து எடுத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து உருட்டினால், மழை பெய்து விட்ட மறுநாள் நாற்று மாதிரி பச்சென்று இருக்கும். அதற்கு அவர் பச்சை என்றே பேர் வைத்திருந்தார்.

புதினாவுக்குக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும் என்று அவருக்குச் சொன்னதே நான்தான். அதை அவர் கடைசிவரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

மோரில் சுண்டைக்காய் அளவு. பருப்பில் நெல்லிக்காய் அளவு. சொதியில் என்றால் இறக்கி வைத்த பிறகுதான். கொதியில் போட்டால் அவருக்குக் கண் சிவந்துவிடும். நேற்று அரைத்தது இன்றைக்கு ஆகாது. கீரை விற்கிறவள் தண்ணீர் தெளித்த கட்டை நீட்டினால், அதை உதறி அவள் மேலேயே தெறிக்கவிட்டு, "ஏளா, இது மல்லியா, வாய்க்காலா?" என்பார். "உமக்கு வாய்க்காலத் தவிர வேற என்ன தெரியும்" என்று அவளும் விடமாட்டாள்.

மதினி தின்ன ஆரம்பித்தாள். அதுதான் எங்கள் எல்லோர் வாயையும் அடைத்தது. முதல் நாள் மோர்ச்சோற்றில் பிசைந்து நாலு வாய். ஒரு வாரத்தில் ஒரு தட்டு. அண்ணாச்சி அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு உருண்டையும் உள்ளே போகும்போது இவர் தொண்டை ஏறி இறங்கும். கடைசி வாய் உள்ளே போனபிறகுதான் எழுந்து கரைக்குப் போவார். ஆடி பிறந்தபோது மதினி கன்னத்தில் சதை வந்திருந்தது.

அதோடு விட்டாரா? அரைப்பதில் மிஞ்சினதை வாழையிலைத் துண்டில் உருட்டி வைத்து நாலு வீட்டுக்குக் கொடுக்கத் தொடங்கினார். கொடுத்தால் முடிந்ததா, மத்தியானம் வாசலில் வந்து நிற்பார்.

"தங்கச்சி, பச்சை எதுல விழுந்துது?"

"எதுலயும் விழல அண்ணாச்சி. எனக்கு அரைக்கத் தெரியும்."

கோபப்படமாட்டார். மறுநாளும் கொண்டுவந்து வைப்பார். ஒரு வாரம் நான் அதைத் தொடவில்லை. என் கை அரைக்காதது என் அடுப்பில் ஏறாது. எட்டாம் நாள் என் வீட்டுக்காரர் இலையைத் தானே பிரித்து, தயிர்ச்சோற்றில் போட்டுப் பிசைந்து தின்றுவிட்டு, "ஏட்டி, இத நீயா அரைச்ச?" என்றார்.

"இல்ல."

"அதான பாத்தேன்" என்றார்.

மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. ஆனாலும் இன்றைக்குச் சொல்கிறேன், அண்ணாச்சியின் பச்சை நல்ல பச்சைதான். என்னுடையது அதைவிட ஒரு படி மேலே. அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது கால்வாய்க் கரை ஓரிடத்தில் உடைந்துவிட்டது என்று ஆள் வந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டான். மணல் மூட்டை அடுக்கி அடைக்கிற வரைக்கும் அங்கேயே கிடக்கவேண்டும். அவருக்குக் கரை உடைந்த கவலை ஒரு பங்கு, பச்சைக் கவலை மூன்று பங்கு. மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு என் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ரெண்டு நாளைக்கு நீதான் அரைச்சுக் குடுக்கணும். முறை மாறப்படாது. மல்லி கடேசி."

"அண்ணாச்சி, நான் பிள்ளையா?"

"தண்ணி விட்டுராத."

"போயிட்டு வாங்க அண்ணாச்சி."

"பக்கத்துல இருந்து பாத்துக்கோ. கடைசி வாய் வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். உண்மையைத்தானே எழுதவேண்டும்? மதினி என் கை அரைப்பைத் தின்றுவிட்டு, "இதுக்கு முன்னால அவுக அரைப்பெல்லாம் எந்த மூலைக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லாமலா போவாள் என்று காத்திருந்தேன். முதல் நாள் அரைத்துக் கொண்டு போனேன். முழுத் தட்டையும் தின்றாள். "எப்படி மதினி?" என்றேன். "நல்லாருக்கு" என்றாள். அவ்வளவுதான். நானும் அவள் முகத்தையே பார்க்கிறேன், கூட ஒரு சொல் வரவில்லை.

இரண்டாம் நாள் மழை வலுத்தது. கரண்டு இல்லை. பகலிலேயே அடுக்களை இருட்டு. எனக்கு ஜலதோஷம், மூக்கு இரண்டும் அடைத்துப்போய் வாசனையே தெரியவில்லை. பச்சையை அரைத்து ஒரு கிண்ணத்தில் வழித்து வைத்தேன். தீபாவளிக்கு மருதாணி வேண்டும் என்று என் மகள் ஒரு மடி இலை பறித்துப் போட்டிருந்தாள். அம்மியைக் கழுவி அதையும் அரைத்து இன்னொரு கிண்ணத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர் கிண்ணம், இரண்டும் பச்சை. ஒன்றை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

மதினிக்குச் சுடுசோற்றை வைத்து, கரண்டியால் ஒரு உருண்டை போட்டு, நல்லெண்ணெய் ஊற்றினேன். அவள் பிசையத் தொடங்கினாள். "உலை வச்சிருக்கேன் மதினி, இன்னா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் இருந்து பார் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை.

சோற்றை வடித்துக்கொண்டிருக்கிறேன். உள் அறையிலிருந்து மகள் அலறினாள்.

"யம்மா! கை எரியுது! மருதாணியில என்னத்தப் போட்டு அரைச்ச?"

போய்ப் பார்த்தால் இரண்டு உள்ளங்கையிலும் பச்சையை அப்பிக்கொண்டு குதிக்கிறாள். பச்சை மிளகாயும் இஞ்சியும் எரியாமல் என்ன செய்யும்? எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் கிண்ணம் மாறிப்போனது உறைத்தது. வடித்த பானையை அப்படியே போட்டுவிட்டு, தலையில் ஒன்றும் இல்லாமல் மழையில் ஓடினேன்.

மதினி தின்று முடித்துவிட்டாள். தட்டு துடைத்த மாதிரி இருந்தது. வலதுகை விரல் நுனி எல்லாம் செம்மஞ்சளாகச் சிவந்திருந்தது. உதட்டு ஓரம் வெற்றிலை போட்ட மாதிரி இருந்தது.

"ஐயோ மதினி! என்னத்தத் தின்னிய தெரியுமா? மருதாணி மதினி! கசக்கலையா உங்களுக்கு?"

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை என்னவென்று சொல்ல.

"அதான் கை செவக்குதேன்னு பாத்தேன்" என்றாள்.

வாயைக் கொப்பளிக்க வைத்தேன். இரண்டு செம்பு மோர் கொடுத்தேன். கம்பவுண்டரைக் கூப்பிடப் போகிறேன் என்று எழுந்தேன். அவள் என் சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஒண்ணுஞ் செய்யாது, உக்காரு. இங்கேரு ளா, காய்ச்சல்ல படுத்தேன்லா, அதுலருந்து எனக்கு உப்பும் தெரியல, ஒறப்பும் தெரியல. வாசனையும் கெடையாது. மண்ணும் சோறும் ஒண்ணுதான்."

"அப்பம் அண்ணாச்சி அரைக்கிற பச்சை?"

"அதுவும் அப்படித்தான்."

"பொறவு எப்படி மதினி ஒரு தட்டுச் சோத்தத் திங்கிய?"

மதினி காலித் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"முப்பது வருசமா அந்த மனுசனுக்குச் சோறு போடுதேன். நான் தின்னனா பட்டினி கெடந்தனான்னு ஒரு நா கேட்டது கெடையாது. இப்பம் காலையில அம்மிக்கு முன்ன உக்காந்து, கையெல்லாம் எரிய அரைச்சுக் கொண்டாந்து வச்சு, என் மூஞ்சியவே பாக்காவ. அவுக பாக்கும்போது எப்படி ளா திங்காம இருக்க? ருசி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. நான் கண்ண மூடி முழுங்கிருதேன். அவுக இல்லாத அன்னைக்கும், வந்ததும் கேப்பாவல்லா."

நான் அவள் உதட்டோரத்தை என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

"அவுககிட்டச் சொல்லிராத. ருசி எனக்குச் சேரலன்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடிஞ்சு போவாவ. நாளைக்கு அம்மிக்கு முன்ன உக்கார மாட்டாவ. என் முன்னயும் உக்கார மாட்டாவ" என்றாள்.

சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். ஆனால் அந்தக் கையை என்ன செய்வது? சோறு பிசைந்த ஐந்து விரலும் நுனி மட்டும் சிவந்து நிற்கிறது. அண்ணாச்சிக்கு மற்றது எது தெரியாவிட்டாலும், ஒரு இடத்தில் தண்ணீர் கசிந்திருந்தால் எங்கேயிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

கிண்ணத்தில் மருதாணி பாதி மிச்சம் இருந்தது. "கைய நீட்டுங்க மதினி" என்றேன். பத்து விரலுக்கும் தொப்பி வைத்தேன். இரண்டு உள்ளங்கையிலும் நடுவில் பெரிய வட்டம், சுற்றிச் சின்னப் பொட்டு. கல்யாணத்துக்கு வைத்ததற்குப் பிறகு வைத்ததே இல்லை என்றாள். கையை அசைக்காமல் பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்கும் ஒன்றும் செய்யவில்லை. காய்ந்து உதிர்ந்ததும் கழுவிப் பார்த்தால், என் மகள் கையில்கூட அப்படிச் சிவந்ததில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணாச்சி வந்தார். இடுப்பு வரைக்கும் சேறு. கரையை அடைத்துவிட்டார்கள். கால்கூடக் கழுவாமல் நேரே உள்ளே வந்தார். நான் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண் முதலில் கைக்குத்தான் போனது. சிவந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மதினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வயதில் அவளுக்கு அத்தனை வெட்கம்.

"தீபாவளிக்குன்னு நான்தான் வச்சுவிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"ம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அதைக் கேட்டார்.

"ரெண்டு நாளும் ஒழுங்காத் தின்னாளா? உன் அரைப்பு எப்படி?"

முழுத் தட்டும் தின்றாள் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் யார் அரைத்தாலும் தின்பாள் என்று ஆகிவிடும். அம்மிக்கு முன்னால் இவர் உட்காரவேண்டிய அவசியம் இல்லை. நாளைக்கு என்னையே அரைக்கச் சொல்லிவிட்டு, விடியும்போதே கரைக்குப் போய்விடுவார். மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

என் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று என்னைப் பெற்றவளே நம்பியிருக்க மாட்டாள்.

"உங்க கை எனக்கு வரல அண்ணாச்சி" என்றேன். "ரெண்டு வாய்க்கு மேல மதினி தொடல. உங்க அரைப்பத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாவ."

சேறு பூசின அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! ஊரையே முங்கடிக்க வந்த தண்ணீரைத் தனியாக நின்று தடுத்தவர் மாதிரி நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"வருத்தப்படாத தங்கச்சி. எல்லாருக்கும் வந்துராது. பைய வரும்" என்றார்.

எனக்கு! கல்யாண அண்டாவுக்கு உப்புப் பார்க்கிறவளுக்கு!

விடிந்ததும் கட்டைச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். போனேன். முறத்தில் இலை தயாராக இருந்தது. என்னை அம்மிக்கு முன்னால் உட்காரவைத்து, குழவியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து ஆரம்பித்தார். சத்தம் கேட்டு எதிர்த்த வீட்டுக்காரி வந்தாள், அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

"என்ன எக்கா, லஸ்கர்கிட்டப் பாடம் படிக்கிய?" என்று எதிர்த்த வீட்டுக்காரி பல்லைக் காட்டினாள்.

"நேத்து வரைக்கும் தப்பால்லா அரைச்சிருக்கா" என்று அண்ணாச்சி அவர்களுக்கு விளக்கினார். "இழுக்கையில மணிக்கட்டு மடங்கப்படாது. இப்படி. பாத்துக்கோ."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மதினி நின்றிருந்தாள். வாயைச் சிவந்த கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

நான் குனிந்து குழவியைப் பிடித்தேன்.

"இப்படியா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.